‘மற்றும் பலர்’ எழுதியது யாருக்குச் சொந்தம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் புணே சதாசிவ பேட்டில் ஓர் அம்ருததுல்யா கடையில் நாங்கள் நாலைந்து தமிழர்கள் கூடுவோம். ஊருக்குப் புதியவர்களுக்கு இந்தத் தேநீர்க் கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் பாலும் தேயிலையும் சர்க்கரையும் சேர்ந்தே கொதிக்கும். இடித்த ஏலக்காயும் இஞ்சியும் அதில் விழும். துணியில் வடிகட்டிச் சின்னக் கிளாஸில் ஊற்றித் தருவார்கள். ஒரு கிளாஸ் தீர்வதற்குள் ஒரு சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. அன்றைக்கு மூன்று கிளாஸ் ஆயிற்று.

கேட்டவள் ஹிஞ்சேவாடியில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண். பாளையங்கோட்டைக்காரி. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் முன்பு பதிப்பகம் ஒன்றில் எழுத்தாளர் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பது அவளுக்குத் தெரியும். உட்கார்ந்த உடனே கேட்டுவிட்டாள்.

“மாமா, நான் எழுதினது எனக்குச் சொந்தமா, அண்ணனுக்குச் சொந்தமா?”

அண்ணன் என்று அவள் சொன்னது புணேத் தமிழ்க் குடும்பங்களுக்காக ஓர் இணையதளம் நடத்திவருபவரை. வாடகை ஒப்பந்தம் எப்படிப் பதிவு செய்வது, பிள்ளையை எந்த மாதம் பள்ளியில் சேர்ப்பது, கசபா கணபதிக்கு எந்த வழியாகப் போவது என்று நாற்பது பேருக்கு மேல் பல வருடங்களாக எழுதிச் சேர்த்த களஞ்சியம் அது. யாருக்கும் கூலி கிடையாது. இப்போது அண்ணன் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போகிறார். ஒரு பதிப்பாளர் அந்தக் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடக் கேட்டிருக்கிறார். அண்ணனும் சரி என்று சொல்லிவிட்டார். எழுதியவர்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் நல்ல மனிதர். அதனால்தான் இதை நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏமாற்றுக்காரர் என்றால் ஒரு வக்கீல் நோட்டீஸோடு விஷயம் முடிந்துவிடும். நல்லவர்கள் கூடி நல்ல காரியம் செய்கிற இடத்தில்தான் யாருக்கு எது சொந்தம் என்ற கேள்வியை ஒருவரும் முதல் நாளில் எழுப்புவதில்லை.

“எழுதினது உனக்குத்தாம்மா சொந்தம்” என்றேன்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 17ஆம் பிரிவு, படைப்பின் முதல் உரிமையாளர் அதை ஆக்கியவரே என்கிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் ‘சி’ குறி போட வேண்டியதில்லை, காசு வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எழுதியவர் வாழும் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். (தமிழில் இதைப் பலர் காப்புரிமை என்கிறார்கள். கண்டுபிடிப்புகளுக்குத் தரும் உரிமைக்கும் அதே சொல் புழங்குவதால் நான் பதிப்புரிமை என்றே சொல்கிறேன்.)

“ஆனா மாமா, வருஷா வருஷம் சர்வருக்குக் காசு கட்டினது அண்ணன்தானே? பேரையும் அவர்தான் பதிஞ்சு வச்சிருக்காரு.”

நியாயமான கேள்விதான். இங்கே கணபதி மண்டலிக்கு வர்கணி என்று விழாச் சந்தா கொடுக்கிறோம். கொடுத்த பணம் மண்டலியுடையது. விசர்ஜனம் முடிந்த பின் என் ஐந்நூறு ரூபாய் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. எழுத்தையும் நாம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம், கொடுத்தாயிற்று, போயிற்று என்று. சட்டம் அப்படி நினைக்கவில்லை. அதற்குக் கடிதத்தைச் சொல்லலாம். நீ எனக்கு ஒரு கடிதம் எழுதினால் அந்தத் தாள் என்னுடையது. பெட்டியில் வைக்கலாம், கிழித்தும் போடலாம். அதிலுள்ள சொற்கள் உன்னுடையவை. உன்னைக் கேட்காமல் நான் அதை அச்சில் போட முடியாது. அண்ணனின் சர்வர் அந்தத் தாளைப் போன்றது. பெயர் அவருடையது, இடம் அவருடையது, பக்கங்களை வகைப்படுத்தி அடுக்கியதில் அவர் காட்டிய திறமைக்கும் ஓர் உரிமை உண்டு. கட்டுரைகள் எழுதியவர்களுடையவை.

அப்படியென்றால் அண்ணனிடம் இருப்பது என்ன? அனுமதி. நீயே கொண்டுபோய்க் கொடுத்ததால், அந்தத் தளத்தில் வைத்துக் காட்ட அவருக்கு நீ இசைந்திருக்கிறாய் என்று கொள்ளலாம். அந்த வாய்பேசாத இசைவு தளத்தோடு நின்றுவிடும். புத்தகம் வரைக்கும் அதை இழுக்க முடியாது.

உரிமையையே கைமாற்ற வேண்டும் என்றால் 19ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். வீட்டை எழுதிக் கொடுப்பது போலத்தான் இதுவும். எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டமே நிரப்பிக்கொள்ளும். எழுத்தாளரிடமிருந்து மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டு போவதைத் தடுக்க வைத்த வேலி இது. தன்னார்வலருக்கும் அதே வேலிதான்.

‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டாள். பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருவது உரிமம். அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 2012 திருத்தத்துக்குப் பின் உரிமத்துக்குக் கையொப்பம் கட்டாயமில்லை. மின்வடிவில் இருப்பதும் எழுத்துதான் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. ஆகவே பொத்தானை அழுத்தி உரிமம் கொடுக்கலாம். உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டதாக அந்த ஒரு அழுத்தலைக் காட்டி வாதாடுவது கடினம், அங்கே கையொப்பம் வேண்டும். அவள் தளத்தில் பொத்தானும் இல்லை, நிபந்தனையும் இல்லை. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் எழுதலாம், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது ஹிஞ்சேவாடிக்காரர்களுக்கு முக்கியம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். அதுவும் 17ஆம் பிரிவில்தான் இருக்கிறது. அண்ணன் முதலாளி இல்லை, இவர்கள் ஊழியர் இல்லை. ஆகவே அவர் அதைக் காட்டி உரிமை கேட்க முடியாது. ஆனால் இவளுடைய நிறுவனம்? வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட தாளில், பணிக்காலத்தில் ஆக்கும் எதுவும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருக்கலாம். அவள் எழுதிய கணபதி கோயில் கட்டுரைக்கு அது பொருந்துமா என்பது அந்த வரியின் வாசகத்தைப் பொறுத்தது. வீட்டுக்குப் போய் எடுத்துப் படி என்றேன். மலையாளத்தில் ‘போபனும் மோளியும்’ வரைந்த டோம்ஸ், மலையாள மனோரமாவை விட்டு விலகியபோது இதே வழக்கு வந்தது. பணியில் இருந்தபோது வரைந்தவை நிறுவனத்துடையவை, விலகிய பின் அவர் அந்தப் பாத்திரங்களைத் தொடர்ந்து வரைவதைத் தடுக்க முடியாது என்ற அளவில் கேரள உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவர் அந்தப் பாத்திரங்களை நிறுவனத்துக்கு வருவதற்கு முன்பே உருவாக்கியிருந்தார்.

இரண்டாவது கிளாஸ் வந்தது.

“அப்ப எல்லாரும் அவங்கவங்க எழுதினதுக்குச் சொந்தக்காரங்க. நல்லதுதானே மாமா?”

பாதி நல்லது. நாற்பது பேரும் சொந்தக்காரர்கள் என்றால், ஒரு காரியம் செய்ய நாற்பது பேரும் வேண்டும். அவள் கணபதி கோயில்களைப் பற்றி எழுதிய பக்கத்தை ஆறு பேர் திருத்தியிருக்கிறார்கள். எது யாருடைய வரி என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டால் சட்டம் அதைக் கூட்டுப் படைப்பு என்கிறது. ஒருவர் மட்டும் இசைந்து அதைப் புத்தகத்துக்குக் கொடுப்பது பாதுகாப்பானதல்ல. எழுதியவர்களில் இருவர் இப்போது இல்லை. அவர்கள் உரிமை வாரிசுகளுக்குப் போயிருக்கிறது. பாதிப் பேர் ‘நெல்லைச்சீமை’, ‘தாமிரபரணி’ போன்ற புனைபெயரில் எழுதியவர்கள். புனைபெயரில் வந்த எழுத்துக்கும் உரிமை உண்டு, வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டு. யார் என்று தெரியாதவரிடம் அனுமதி கேட்பது எப்படி? பதிப்பாளர் கெட்டிக்காரராக இருந்தால் இந்தத் தொகுப்பைத் தொடவே மாட்டார். பத்து வருட உழைப்பு அப்படியே உறைந்துபோய்விடும்.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற உலக வரைபடத்துக்கு இதுதான் நடந்தது. புணேயின் சந்துகள் உட்பட உலகின் தெருக்களைத் தன்னார்வலர்களே வரைந்து சேர்க்கும் வரைபடம் அது. தொடக்கத்தில் அதற்கு இருந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எழுத்துக்கும் படத்துக்குமாகச் செய்தது. தரவுத் தொகுப்புக்குச் சரியாக ஒட்டவில்லை. மாற்ற வேண்டும் என்று பல வருடம் விவாதித்து முடிவெடுத்தார்கள். ஆனால் யார் மாற்றுவது? அதை நடத்தும் அறக்கட்டளை கையில் எந்த உரிமையும் இல்லை. ஒவ்வொரு கோடும் அதை வரைந்தவருடையது. வேறு வழியின்றி ஒவ்வொருவரையும் கேட்டார்கள். 2010இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புதிய நிபந்தனை வைத்தார்கள், 2011இல் பழையவர்களிடம் சம்மதமா இல்லையா என்று கேட்டார்கள். சிலர் மறுத்தார்கள். சிலர் பதிலே போடவில்லை, மின்னஞ்சலே மாறிப்போயிருக்கும். 2012 ஜூலையில் ஒரு நிரல், சம்மதம் கிடைக்காதவர்களின் பங்களிப்புகளைத் தேடித் தேடி அழித்தது. ஆஸ்திரேலியாவிலும் போலந்திலும் அழிவு கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. அழிந்த தெருக்களை மற்ற தன்னார்வலர்கள் புதிதாக வரைந்து ஈடுகட்டினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதிதான் புதிய உரிமம் நடைமுறைக்கு வந்தது.

யார்மீதும் குற்றமில்லை. மறுத்தவருக்கு மறுக்க உரிமை இருந்தது, அழித்தவர்கள் சட்டத்தை மதித்தார்கள். ஆனாலும் ஒருவர் வெயிலில் நடந்து அளந்த தெருவை, அவர் ஒரு கடிதத்துக்குப் பதில் போடாத காரணத்தால் அழிக்க வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. முதல் நாளிலேயே இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

எழுதி வைத்தவர்களும் இருக்கிறார்கள். அதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. சிவாஜிநகரில், முளா, முட்டா ஆறுகள் கூடும் சங்கமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பொறியியல் கல்லூரியில் 2011 நவம்பர் 4 முதல் 6 வரை ஃபெடோரா தன்னார்வலர்களின் மாநாடு நடந்தது. ஃபெடோரா, ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் நடக்கும் லினக்ஸ் இயங்குதளம். அந்த நிறுவனத்துக்குப் புணேயில் அலுவலகம் உண்டு. நிரல் எழுதுவோரோடு ஆவணம் எழுதுவோரும் மராத்தி, தமிழ் என்று மொழிபெயர்ப்போரும் அந்தச் சமூகத்தில் அடக்கம்.

அவர்கள் பல வருடங்களாகவே பங்களிப்பவரிடம் ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் வாங்கிவந்தார்கள். அதில், உரிமத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளத் திட்டத்துக்கு இடம் இருந்தது. அதனால் 2009இல் ஆவணங்களையும் விக்கிப் பக்கங்களையும் பழைய உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாற்ற முடிவு செய்தபோது ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஒன்றையும் அழிக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பழைய ஒப்பந்தம் சட்டத்தமிழ் போன்ற சட்ட ஆங்கிலத்தில் நீண்டு கிடந்தது. என் உழைப்பை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறேனோ என்ற ஐயம் படிப்பவருக்கு எழும். 2011இல் அதை நீக்கிவிட்டு எளிமையான ஒன்றை வைத்தார்கள். அதன் சாரம் இவ்வளவுதான். உன் உரிமை உன்னிடமே இருக்கிறது, நீ எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. உன் பங்களிப்புக்கு நீயே ஓர் உரிமம் குறித்திருந்தால் அது செல்லும். குறிக்க மறந்திருந்தால், நிரலுக்கு எம்ஐடி உரிமமும் எழுத்துக்குக் கிரியேட்டிவ் காமன்ஸும் என்று எடுத்துக்கொள்வோம்.

மறந்துவிட்டால் என்ன என்பதற்கு விடை எழுதி வைத்திருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. தன்னார்வலர்கள் மறப்பார்கள். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறவரிடம் உரிமம் எது என்று ஒவ்வொரு முறையும் கேட்க முடியாது.

விக்கிப்பீடியாவும் இதே வழியில்தான் நடக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்கள் ஒரு பத்தி எழுதினால் அது உங்களுடையதே. அதை நடத்தும் அறக்கட்டளைக்கு அந்த எழுத்தில் சொந்தம் கிடையாது. சேமிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, பெயர் சொல்லி யாரும் பயன்படுத்தலாம், பயன்படுத்துகிறவர் தம் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டும் என்ற இசைவு இருக்கிறது. அது திரும்பப் பெற முடியாத இசைவு. கொடுக்கும் முன் அதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

“எதுக்கு மாமா இவ்வளவு? மொத்தமா அண்ணன் பேருக்கே எழுதிக் கொடுத்துட்டா வேலை சுலபமாயிடும்ல?”

சுலபம்தான். அவர் இருக்கும் வரை. அவருக்குப் பின் யார் கைக்குப் போகும்? இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1993 வாக்கில் கணினியில் இசைக் குறுந்தகட்டைப் போட்டால் பாட்டின் பெயர் தெரியாது. டி கான் என்பவர் தொடங்கிய சிடிடிபி என்ற பொதுத் தொகுப்புக்கு உலகெங்கும் இசை ரசிகர்கள் தங்கள் தகடுகளின் பாட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். 1998இல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது, பயன்படுத்தக் கட்டுப்பாடுகள் வந்தன. 2008இல் சோனி அதை 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டச்சு செய்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. பாட்டுப் பெயரும் நேர அளவும் வெறும் தகவல்கள், அவற்றுக்குப் பதிப்புரிமை கோருவதே கடினம். ஆகவே அவர்களால் வழக்கும் போட முடியாது. கோபப்பட்டவர்கள் ஃப்ரீடிபி, மியூசிக் பிரைன்ஸ் என்று புதிய பொதுத் தொகுப்புகளை முதலிலிருந்து கட்டினார்கள். ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுத்தால் இதற்கு இடம் கொடுத்தாகிவிடும். நல்லவரிடம் கொடுத்தாலும் அப்படித்தான். அண்ணனுக்கு வேண்டியது அனுமதி. அனுமதியை எழுதிக் கொடு, சொந்தத்தை வைத்துக்கொள் என்றேன்.

மூன்றாவது கிளாஸுக்குள் அவள் மனதில் இருந்த உண்மையான கேள்வி வெளியே வந்தது. “காசெல்லாம் வேண்டாம் மாமா. புத்தகத்துல என் பேரு வருமா? அதுதான்.”

இதைத்தான் தன்னார்வலர்கள் எல்லாரும் கேட்க நினைக்கிறார்கள், கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. 57ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. உரிமையை முழுவதுமாக விற்றுவிட்ட பின்னும், இது நான் ஆக்கியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆக்கியவரிடமே தங்கும். தன் மதிப்புக் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் தங்கும். தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். சிற்பம் அரசு பணம் கொடுத்து வாங்கியது. ஆனாலும் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பாகங்களைச் சிற்பியிடம் திருப்பித் தரச் சொல்லி, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

பெயரைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரில் என் மனதை விட்டு அகலாத ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சட்டக் கல்லூரிச் சாலையில் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம். 1917இல் தொடங்கியது. மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை அங்கே 1919இல் ஆரம்பித்தார்கள். முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து வழிவகுத்த வி. எஸ். சுக்தங்கர் 1943இல் காலமானார். 1966இல் பணி நிறைவு பெற்றது. பெயர் தெரியாத ஏட்டுப் பிரதிக்காரர்கள் எத்தனையோ தலைமுறையாக எழுதிவைத்ததை ஒப்பிட்டுச் செய்த வேலை அது. 1990களில் ஜப்பானில் கியோட்டோவின் முனேயோ தொகுனாகாவும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த முழுப் பதிப்பையும் கணினியில் ஏற்றினார்கள். கேம்பிரிட்ஜின் ஜான் ஸ்மித்தும் அவரோடு சேர்ந்தவர்களும் திருத்தினார்கள். இன்று அந்த மின்பிரதியைத் திறந்தால் தலைப்பில், பதிப்புரிமை புணே நிறுவனத்துக்கு, ஆண்டு 1999 என்றும், தொகுனாகா மற்றும் பலர் உள்ளீடு செய்ததை அடிப்படையாகக் கொண்டு ஸ்மித் மற்றும் பலர் திருத்தியது என்றும் இருக்கிறது.

அதில் பெரும்பகுதி எனக்கு நிறைவாகவே இருக்கிறது. உரிமை யாருக்கு, உழைப்பு யாருடையது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி, இரண்டையும் பிரதியோடே பிரியாமல் கட்டிவைத்திருக்கிறார்கள். மதுரைத் திட்டமும் இதைத்தான் செய்கிறது. 1998 பொங்கலில் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் மின்னூல் எதைத் திறந்தாலும், தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று முதல் பக்கத்தில் இருக்கும். இலவசமாகப் பகிரலாம், அந்த முதல் பக்கத்தை நீக்கக் கூடாது என்பதே நிபந்தனை. பழைய நூலை அப்படியே தட்டெழுதுவதால் புதிய பதிப்புரிமை பிறப்பது சந்தேகம். உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது சொந்தத் திறனும் தேர்வும் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. சட்டம் உரிமை தராத இடத்திலும் மதுரைத் திட்டத்தார் பெயரைத் தருகிறார்கள். இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

நெருடுவது அந்த ‘மற்றும் பலர்’. யார் அவர்கள்? ஆதிபர்வத்தைத் தட்டச்சு செய்தது யார், சாந்திபர்வத்தின் பிழைகளைக் கண்டுபிடித்தது யார்? தலைப்பு அதைச் சொல்லவில்லை. உங்கள் புத்தகத்தில் ‘மற்றும் பலர்’ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளிடம் சொன்னேன். நாற்பது பெயர் ஒரு பக்கத்தில் அடங்கும். புனைபெயரில் எழுதியவர்கள் புனைபெயரிலேயே இருக்கட்டும்.

பிறகு கடைக்காரரிடம் ஒரு ரசீதுத் தாள் வாங்கி, அதன் பின்பக்கத்தில் தளத்தில் போட வேண்டியதை எழுதிக் கொடுத்தேன்:

‘இங்கே நீங்கள் எழுதுவதும் ஏற்றும் படங்களும் உங்களுக்கே சொந்தம். அவற்றை இந்தத் தளத்திலும், இதிலிருந்து தொகுக்கும் நூலிலும், வருங்காலத்தில் வேறு வடிவிலும், எந்நாட்டிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும் வெளியிட எங்களுக்கு அனுமதி தருகிறீர்கள். நீங்கள் விரும்பும் பெயரை ஒவ்வொரு முறையும் குறிப்போம். மற்றவர்கள் இவற்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் 4.0 என்ற உரிமத்தின்படி பயன்படுத்தலாம். பிறர் எழுதியதையோ எடுத்த படத்தையோ அவர் அனுமதியில்லாமல் இங்கே சேர்க்காதீர்கள்.’

காலத்தையும் நாட்டையும் ஏன் எழுதினேன் என்றால், வெளிப்படையாகச் சொல்லாத இடத்தில்தான் பின்னால் சண்டை வரும். படங்களைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம், கட்டுரை ஒருவருடையதாகவும் அதில் உள்ள புகைப்படம் வேறொருவருடையதாகவும் இருக்கும். அது எப்போதும் மறந்துபோகும். புத்தகத்தில் வரும் காசை என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. அதை அவர்களே கூடிப் பேசி முடிவு செய்து ஒரு வரி சேர்க்க வேண்டும். சட்டம் அதைச் சொல்லித் தராது.

இது இனிமேல் எழுதுகிறவர்களுக்கு. ஏற்கெனவே எழுதியவர்களுக்குப் பின்தேதியிட்டு இதைப் பொருத்த முடியாது, ஒவ்வொருவரையும் கேட்கத்தான் வேண்டும். மறுத்தவரின் பக்கத்தைப் புத்தகத்தில் சேர்க்காமல் விட வேண்டும், மனஸ்தாபம் இல்லாமல். இறந்தவர்களின் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்பதே மரியாதை. பணம் பெரிதாகப் புரளும் என்று தெரிந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளலாம்.

அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு அங்கிருந்தே பேசினாள். அவர் கோபப்படவில்லை. “அட, இதைக் கேட்கணும்னே எனக்குத் தோணலையே தங்கச்சி” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

உங்கள் ஊர்ச் சங்கத்துக்கும், பழைய மாணவர் மன்றத்துக்கும், கோயில் மலருக்கும் இதே போன்ற தளமோ தொகுப்போ இருக்கும். அதை நடத்துகிறவர் நீங்கள் என்றால், இந்த வாரமே எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். நெடுநாளாக எழுதாமல் இருப்பவருக்கு முதலில் அனுப்புங்கள். அவருடைய முகவரி இன்னும் மாறாமல் இருக்கலாம்.